கிட்டார் சுவிட்ச்: எந்த இறுக்கத்தைத் தளர்த்துவது?

நிமிடத்துக்கு 120 தட்டு விழும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே அரை விநாடிதான் கிடைக்கும். பாடகருக்குப் பின்னால் மென்மையாக வாசித்துக்கொண்டிருக்கும் மின் கிட்டார் கலைஞர், தனி வாசிப்புக்கான கூர்மையான ஒலிக்கு அந்த இடைவெளிக்குள் மாற வேண்டும். கை தந்தியை விட்டு இறங்கி, கிட்டாரின் உடலில் பதிந்திருக்கும் சிறு சுவிட்சைத் தள்ளிவிட்டு, மறுபடி தந்திக்கு வந்துவிட வேண்டும். சுவிட்ச் இறுகியிருந்தால் இது நடக்காது. விரல் தள்ளுகிறது, சுவிட்ச் அசையவில்லை. இன்னும் அழுத்தினால் சட்டென்று விடுபட்டு, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்த நிலைக்கு ஓடிவிடுகிறது.

இதில் வாசிப்பவரின் பிழை ஒன்றும் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இரண்டு பரப்புகளை முதலில் நகர்த்துவதற்கு, நகர ஆரம்பித்த பிறகு தேவைப்படுவதைவிடப் பெரும்பாலும் கூடுதல் விசை வேண்டும். பிடி விட்ட கணத்தில் உராய்வு சட்டென்று குறைகிறது. விரலின் விசை குறைவதில்லை. மிஞ்சிய விசை சுவிட்சின் லிவரை எறிந்துவிடுகிறது. கீல் துருப்பிடித்த கதவு விட்டுவிட்டுத் திறப்பதும் இதே இயற்பியலால்தான்.

இறுகிய சுவிட்சைக் கண்டால் பலர் உடனே எண்ணெய் தெளிக்கிறார்கள். அல்லது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை வளைத்துவிடுகிறார்கள். சில சமயம் பலிக்கும். பல சமயம் சுவிட்ச் தளர்ந்து, ஒலி கெட்டுப்போகும். விரலுக்கு ஒரே இறுக்கமாகத் தெரிவது உள்ளே பல விசைகளின் கூட்டுத்தொகை என்பதுதான் காரணம். அவற்றில் சில வெறும் அழுக்கால் வந்தவை, சில தவறாகப் பொருத்தியதால் வந்தவை. மற்றவை அந்தக் கிட்டார் ஒழுங்காக ஒலிப்பதற்கே தேவையானவை. எது எது என்று பிரித்துப் பார்த்த பிறகு கை வைப்பதுதான் முறை.

சுவிட்ச் எதைத் தேர்ந்தெடுக்கிறது?

மின் கிட்டாரின் காது பிக்கப். ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். எஃகுத் தந்தி காந்தப் புலத்துக்குள் அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இது. அதை 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். அடால்ஃப் ரிக்கன்பாக்கருடன் சேர்ந்து அதை விற்பனைக்கும் கொண்டுவந்தார். ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரின் ஒரு பிக்கப்பில், தலைமுடியளவு மெல்லிய கம்பி ஏழெட்டாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும்.

ஒரே தந்திதான் என்றாலும் அதன் எல்லா இடமும் ஒரே மாதிரி அதிர்வதில்லை. தந்தி கட்டப்பட்ட பிரிட்ஜ் முனைக்கு அருகே அடிப்படை அதிர்வின் வீச்சு சிறியது. மேல் சுரங்களின் பங்கு தூக்கலாகத் தெரியும். அங்கே இருக்கும் பிக்கப் கூர்மையாக ஒலிக்கும். கழுத்துப் பக்கம் நகர நகர அடிப்படை அதிர்வு பெரிதாகிறது. ஒலி பருத்து, மென்மையாகிறது. எந்த இடத்தின் ஒலி, அதைப் பெருக்கும் ஆம்ப்புக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வதே சுவிட்சின் வேலை.

இந்தச் சுவிட்சுகளில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர் கிட்டார்களில் இருப்பது, நீண்ட துளையில் முன்னும் பின்னும் ஓடும் லிவர் சுவிட்ச். 1952இல் வந்த கிப்சன் லெஸ் பால் கிட்டாரில் இருப்பது, வட்டத் துளையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் டாகிள் சுவிட்ச். வெளியே பார்த்தால் இரண்டும் தள்ளும் சுவிட்சுகள்தான். உள்ளே விசைகள் பிரிந்திருக்கும் விதம் முற்றிலும் வேறு. தளர்த்துகிற வேலையில் இதைவிட முக்கியமான உண்மை வேறு இல்லை.

லிவர் சுவிட்சில் இரண்டு வேலைகளை இரண்டு உறுப்புகள் செய்கின்றன. லிவர் ஒவ்வொரு நிலையிலும் நிற்பதற்காக அதன் கீழ்ப்பகுதியில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஒரு ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும் சிறு உலோகப் பாகம் அந்தப் பள்ளங்களில் ஒவ்வொன்றாக விழும். ‘டக்’ என்று கேட்பது அதுதான். மின்சாரத்தைக் கடத்தும் தொடுமுனைகளோ தனியாக ஒரு காப்பு அட்டையில் இருக்கும். அவற்றுக்கு அவற்றின் சொந்த மீள்தன்மையே பிடிமானம்.

டாகிள் சுவிட்சில் அப்படி இல்லை. லிவரின் அடிமுனை, இருபுறமும் நிற்கும் நீண்ட இலை ஸ்பிரிங்குகளின் நடுவே இருக்கும். ஒரு பக்கம் சாய்த்தால் ஓர் இலை விலகி அதன் தொடர்பு துண்டிக்கப்படும். மறுபக்கம் சாய்த்தால் மற்றொன்று. நடுவில் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும். இரு பிக்கப்புகளும் ஒலிக்கும். இங்கே விரலை எதிர்ப்பதும் தொடுமுனையை அழுத்திப் பிடிப்பதும் ஒரே இலைதான். அதைத் தளர்த்தினால் இரண்டும் சேர்ந்தே தளரும்.

மேடு ஏறும் விசை

லிவர் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்குப் போக நடுவே ஒரு மேட்டைக் கடக்க வேண்டும். ஏறும்போது ஸ்பிரிங் நீள்கிறது. விரல் செய்த வேலை அதில் ஆற்றலாகச் சேர்கிறது. உச்சியைத் தாண்டியதும் அந்த ஆற்றல் திரும்பக் கிடைத்து, லிவரை அடுத்த பள்ளத்துக்குள் இழுத்துப் போடுகிறது. உராய்வே இல்லாத சுவிட்ச் இருந்தால் கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பிவிடும். நிஜச் சுவிட்சில் ஒரு பகுதி உராய்வில் வெப்பமாகக் கரைகிறது.

உராய்வு விசை, பரப்புகளை அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று பிரெஞ்சு அறிஞர் கியோம் அமோந்தோன் 1699இல் சொன்னார். இந்த விகிதமே உராய்வுக் குணகம். இதைச் சாய்ந்த மேட்டோடு சேர்த்துப் பார்த்தால் ஆச்சரியமான ஒன்று வெளிப்படுகிறது.

கணக்கை எளிமையாக்கிக்கொள்வோம். மேட்டின் சரிவு 45 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். உராய்வே இல்லாவிட்டால், லிவரைத் தள்ளத் தேவையான விசை ஸ்பிரிங்கின் விசைக்குச் சமம். நல்ல கிரீஸ் இருந்து உராய்வுக் குணகம் 0.15 ஆக இருந்தால் தேவையான விசை ஸ்பிரிங்கின் விசையைப்போல் 1.35 மடங்கு. கிரீஸ் காய்ந்து, தூசி படிந்து, குணகம் 0.4 ஆனால் 2.33 மடங்கு. ஸ்பிரிங் மாறவே இல்லை. விரலுக்குத் தெரியும் இறுக்கம் மட்டும் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிட்டது.

சரிவு செங்குத்தாக ஆக ஆக நிலைமை இன்னும் மோசமாகும். 60 பாகைச் சரிவில் குணகம் 0.15 என்றால் தேவை 2.54 மடங்கு, 0.4 என்றால் ஏறத்தாழ 7 மடங்கு. குணகம் 0.58ஐ எட்டினால் எவ்வளவு தள்ளினாலும் மேடு ஏறாது. சரிவும் உராய்வும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். நிஜச் சுவிட்சில் விளிம்புகள் வளைந்திருக்கும், பாகங்கள் சற்று நெகிழும். எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் போக்கு இதுதான்: செங்குத்தான பள்ளம், சிறிய உராய்வையும் பெருக்கிக் காட்டும். பழைய சுவிட்ச் ஒன்று இறுகியிருந்தால் ஸ்பிரிங் பலம் கூடிவிட்டது என்று பொருள் இல்லை. எஃகு ஸ்பிரிங் வயதாகி வலுப்பதில்லை. கூடியது உராய்வு. அதனால் முதலில் குறைக்க வேண்டியதும் உராய்வைத்தான்.

உராய்வால் பிறந்த ஓர் ஒலி

உராய்வு எப்போதும் வேண்டாத விருந்தாளி அல்ல. மின் கிட்டாரின் வரலாற்றிலேயே அதற்கு அழகான சான்று இருக்கிறது.

1954இல் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்தபோது அதில் 3 பிக்கப்புகளும் 3 நிலைகள் கொண்ட சுவிட்சும் இருந்தன. அந்தச் சுவிட்ச், கிட்டாருக்கென்று வடிவமைக்கப்பட்டதல்ல. மின்னணுக் கருவிகளுக்காகச் சந்தையில் கிடைத்துவந்த சென்ட்ரலாப் நிறுவனத்தின் லிவர் சுவிட்ச். ஒரு நிலையில் ஒரு பிக்கப் என்பதே ஏற்பாடு. ஆனால் லிவர் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில், பழைய தொடுமுனையை விடுவதற்கு முன்பே புதியதைத் தொட்டுவிடும். அந்தக் கணத்தில் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும். தந்தியின் இரண்டு இடங்களிலிருந்து வரும் அதிர்வுகள் கலக்கும்போது சில மேல் சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எந்தத் தனிப் பிக்கப்பிலும் கிடைக்காத, மணி போன்ற மெலிந்த ஒலி பிறக்கிறது.

இந்த ஒலியைக் கேட்டுவிட்ட கலைஞர்கள் லிவரைப் பள்ளங்களுக்கு நடுவே, மேட்டின் உச்சியிலேயே நிறுத்தி வைத்து வாசிக்க ஆரம்பித்தார்கள். இயற்பியல் கணக்குப்படி உச்சி நிலையற்ற சமநிலை. கொஞ்சம் அசைந்தாலும் ஏதாவதொரு பக்கம் சரிய வேண்டும். லிவரை அங்கே நிற்க வைத்தது உராய்வுதான். ஸ்பிரிங்கின் இழுப்பைத் தளர்த்தி அதை இன்னும் எளிதாக நிற்க வைத்தவர்களும் உண்டு. கடைசியில் 1977இல் ஃபெண்டர் நிறுவனமே 5 நிலைகள் கொண்ட சுவிட்சை ஸ்ட்ராடோகாஸ்டரில் பொருத்த ஆரம்பித்தது. கலைஞர்கள் உராய்வின் துணையால் பிடித்து வைத்திருந்த இரண்டு இடங்களுக்கும் முறையான பள்ளங்கள் கிடைத்தன.

3 பள்ளங்கள் இருந்த இடத்தில் 5 வந்தபோது இன்னொன்றும் நடந்தது. லிவர் ஓடும் தூரம் மாறாததால் ஒரு நிலைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி பாதியானது. இறுகிய லிவர் சட்டென்று விடுபட்டால் ஒரு நிலையைத் தாண்டி ஓடுவது இப்போது இன்னும் சுலபம். பிக்கப் சுவிட்ச் மிருதுவாக ஓட வேண்டும் என்று கலைஞர்கள் வலியுறுத்துவதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

அழுத்தம் ஏன் வேண்டும்?

இனி, தளர்த்தக்கூடாத விசையைப் பார்ப்போம்.

இரண்டு உலோகப் பரப்புகள் தொடும்போது அவை முழுவதுமாகத் தொடுவதில்லை. எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய அளவில் அவை மேடு பள்ளங்கள்தான். ஒரு பலாப்பழத்தின் மேல் இன்னொன்றை வைத்தால் முள் நுனிகள் சில மட்டும் தொட்டுக்கொண்டு மற்ற இடமெல்லாம் இடைவெளியாக இருக்குமே, அதுபோலத்தான். மின்சாரம் முழுவதும் அந்தச் சில நுனிகள் வழியாகத்தான் போக வேண்டும். அழுத்தம் கூடினால் நுனிகள் நசுங்கி, தொடும் பரப்பு பெருகும். மின் தொடுமுனைகளின் அறிவியலுக்கு அடித்தளமிட்ட ராக்னர் ஹோம் வகுத்த கணக்கின்படி, சுத்தமான உலோகங்கள் நசுங்கித் தொடும்போது தொடுமுனையின் மின்தடை, அழுத்தும் விசையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். விசையை நான்கில் ஒரு பங்காக்கினால் மின்தடை இரு மடங்காகும்.

சுத்தமான வெள்ளித் தொடுமுனையில் இது பெரிய கவலை இல்லை. அதன் மின்தடை மில்லிஓம் கணக்கில் இருக்கும்; ஸ்ட்ராடோகாஸ்டர் பிக்கப் சுருளின் மின்தடையே ஏறத்தாழ 6,000 ஓம். மில்லிஓம் இரு மடங்கானால் காது அறியாது. சிக்கல், பரப்பு சுத்தமாக இல்லாதபோது வருகிறது. காற்றில் சிறிதளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியோடு சேர்ந்து கறுப்பான சில்வர் சல்ஃபைடு படலமாகிறது. வீட்டு வெள்ளி விளக்கு கறுப்பதும் இதனால்தான். இந்தப் படலம் நன்றாகக் கடத்தாது. விரல் வியர்வையின் உப்பு, தூசி, கடலோரக் காற்றின் ஈரம் எல்லாம் சேர்ந்து நிலைமையை மோசமாக்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற ஊர்களில் கிட்டார் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

வீட்டு விளக்கின் சுவிட்சிலும் படலம் உண்டாகத்தான் செய்கிறது. ஆனால் அங்கே 230 வோல்ட் இருக்கிறது. தொடுமுனைகள் சேரும்போதும் பிரியும்போதும் எழும் சிறு பொறி படலத்தை எரித்துவிடும். கிட்டாரில் அந்த உதவி இல்லை. பிக்கப்பின் மின்னழுத்தம் 0.1 வோல்ட் என்றும், அதோடு இணைந்திருப்பது 2,50,000 ஓம் கொண்ட ஒலியளவுக் கட்டுப்பாடு மட்டுமே என்றும் வைத்துக்கொண்டால், அதன் வழியே ஓடும் மின்னோட்டம் 0.4 மைக்ரோ ஆம்பியர். இவ்வளவு மெல்லிய மின்சாரம் எந்தப் படலத்தையும் எரிக்காது, துளைக்காது. படலத்தை உடைக்க இயந்திர வலிமை ஒன்றே வழி. ஒரு தொடுமுனை இன்னொன்றின் மேல் அழுத்தமாகத் தேய்ந்து போகும்போது படலம் சுரண்டப்படுகிறது. சுவிட்ச் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தன்னைத்தானே துடைத்துக்கொள்கிறது. அழுத்தத்தைக் குறைத்தால் இந்தத் துடைப்பு நின்றுபோகும். அதன் பிறகு தொடுமுனை விட்டுவிட்டுத் தொடும். அந்தச் சின்னஞ்சிறு தடங்கலை ஆம்ப் பல ஆயிரம் மடங்கு பெருக்கி, கரகரப்பாகவும் ‘டப்’ என்ற வெடிப்பாகவும் அரங்கம் முழுக்கக் கேட்க வைக்கும்.

தொடுமுனைகளின் இந்த அழுத்தத்தைக் காப்பாற்ற வேண்டும். பள்ளத்திலும் அச்சிலும் சேர்ந்த உராய்வைக் குறைக்க வேண்டும். பழுது பார்ப்பதன் சாரம் இவ்வளவுதான்.

விரலால் ஒரு சோதனை

எதையும் கழற்றுவதற்கு முன் சுவிட்சை மெதுவாக, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தள்ளிப் பாருங்கள். இறுக்கம் எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் கிளம்பும்போது மட்டும் இறுக்கம், உச்சியைத் தாண்டியதும் நன்றாக விழுகிறது என்றால், அது ஸ்பிரிங்கும் பள்ளமும் சேர்ந்த இடம். பள்ளத்தில் விழுவதே மந்தமாக, ‘டக்’ என்ற ஒலியே இல்லாமல் இருந்தால், ஸ்பிரிங் திருப்பித் தரும் ஆற்றலை உராய்வு தின்றுகொண்டிருக்கிறது; கிரீஸ் கெட்டியாகியிருக்கலாம். வழி முழுவதும் சீரான இறுக்கம் என்றால், லிவர் சுழலும் அச்சு காய்ந்திருக்கலாம் அல்லது லிவர் எங்கோ உரசலாம். ஒரு கோடியில் மட்டும் இறுக்கம் என்றால், உள்ளே ஒரு கம்பி தடுக்கலாம் அல்லது சுவிட்ச் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கலாம்.

கடைசி இரண்டையும் செலவில்லாமல் சரிபார்க்கலாம். லிவரின் பிளாஸ்டிக் குமிழை மேல்நோக்கி இழுத்துக் கழற்றுங்கள். குமிழ் மிகவும் கீழே இறங்கி மேல்தட்டை உரசிக்கொண்டிருந்தால், கழற்றியதும் சுவிட்ச் இலகுவாகிவிடும். திரும்பப் போடும்போது ஒரு காகித இடைவெளி விட்டுப் போட்டால் போதும். அமெரிக்கத் தயாரிப்புகளிலும் ஆசியத் தயாரிப்புகளிலும் லிவர் தகட்டின் தடிமன் வேறுபடும். பொருந்தாத குமிழை அடித்து ஏற்றினால் விரிசல் விடும்.

அடுத்து, சுவிட்சைத் தட்டோடு பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் கால் சுற்று தளர்த்துங்கள். இறுக்கம் குறைந்தால், திருகு அதிகம் முறுக்கியதில் சுவிட்சின் சட்டம் வளைந்தோ, லிவர் துளையின் ஓரத்தில் உரசியோ இருக்கிறது. லிவர் துளையின் நடுவே ஓடும்படி சுவிட்சை நகர்த்தி, திருகுகளை மாறி மாறி, மிதமாக முறுக்கினால் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

திறப்பதும் துடைப்பதும்

இவற்றில் தீராவிட்டால் உள்ளே போக வேண்டும். ஆம்ப்பிலிருந்து கேபிளைக் கழற்றிவிடுங்கள். சாதாரணப் பிக்கப் கொண்ட கிட்டாருக்குள் ஆபத்தான மின்சாரம் எதுவும் இல்லை, ஆனால் உள்ளே தொடும்போது எழும் சத்தம் ஒலிபெருக்கியைப் பாதிக்கலாம். டெலிகாஸ்டரில் இரண்டு திருகுகள் பிடித்திருக்கும் உலோகத் தட்டைக் கழற்றினால் சுவிட்ச் கைக்கு வந்துவிடும். லெஸ் பாலில் பின்பக்கம் அதற்கென்றே ஒரு வட்ட மூடி உண்டு. ஸ்ட்ராடோகாஸ்டரில் தந்திகளைத் தளர்த்திவிட்டு மேல்தட்டைத் தூக்க வேண்டும். இன்றைய மாதிரிகளில் அதற்கு 11 திருகுகள். எந்தக் கம்பி எங்கே சேர்ந்திருக்கிறது என்று முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

அழுக்கிலும் வகை உண்டு. தூசியை மெல்லிய தூரிகையால் துடைத்தெடுக்கலாம். பழைய கிரீஸ் வேறு கதை. கிரீஸ் என்பது எண்ணெயும், அதைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும் கெட்டிப் பொருளும் சேர்ந்த கலவை. ஆண்டுகள் போகப் போக எண்ணெய் கசிந்தும் ஆக்சிஜனோடு சேர்ந்தும் தன் குணத்தை இழக்கிறது, மிஞ்சுவது பசை. உராய்வைக் குறைக்க வைத்த பொருளே உராய்வைக் கூட்டும் பொருளாக மாறிவிடுகிறது.

புதிதாகப் பொருத்திய சுவிட்ச் இறுகியிருந்தால் இன்னொரு சந்தேகத்தையும் பார்க்க வேண்டும். கம்பிகளைச் சோல்டரிங் செய்யும்போது உருகும் பிளக்ஸ் என்னும் துணைப்பொருள், நுண்ணிய இடைவெளிகளுக்குள் ஓடிப் படிந்துவிடும். பல பிளக்ஸ்களின் மூலப்பொருள் பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் ரோசின். வயலின் வில்லில் பிடிமானம் கூடுவதற்காகத் தேய்ப்பதும் இதே ரோசின்தான். வயலினில் உராய்வு தந்தியைப் பாட வைக்கிறது. சுவிட்சின் அச்சிலோ அது லிவரைக் கட்டிப் போடுகிறது.

ரோசினும் பல வகை எண்ணெய்ப் பசைகளும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரையும். மின் தொடுமுனைகளுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனர் இன்னும் பொருத்தமானது. எதுவானாலும் துளியளவு போதும். தெளித்ததும் சுவிட்சை இரு கோடிகளுக்கும் பல முறை ஓட்டுங்கள். கரைப்பான் அழுக்கை இளக்க, தொடுமுனைகளின் தேய்ப்பு அதை வெளியே தள்ளும். கிட்டாரின் மேற்பூச்சில் படாதபடி சுற்றிலும் துணி வைத்துக்கொள்ளுங்கள். கிப்சன் போன்ற கிட்டார்களில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைப் பல கரைப்பான்கள் கரைத்துவிடும்.

வீட்டில் கைக்குக் கிடைக்கும் டபிள்யூ.டி.-40 பற்றி ஒரு வார்த்தை. 1953இல் சான் டியேகோவின் ராக்கெட் கெமிக்கல் நிறுவனம், உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கிய திரவம் அது. பெரும்பகுதி ஆவியாகும் பெட்ரோலியக் கரைப்பான். அதனால் தெளித்தவுடன் பழைய பசை கரைந்து சுவிட்ச் அருமையாக ஓடும். கரைப்பான் பறந்த பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலம் தொடுமுனைகளிலும் காப்பு அட்டையிலும் தங்கும். அதில் தூசி ஒட்டும். தன் வேலையில் சிறந்த அந்தத் திரவத்துக்கு இந்த வேலை உரியதல்ல.

துடைத்துக் காய்ந்த பிறகு புதிய கிரீஸ் வைக்க வேண்டிய இடங்கள் இரண்டே: லிவரின் அச்சு, பள்ளங்களின் விளிம்பு. மிக மெதுவாக நகரும் இத்தகைய பாகங்களில் கிரீஸ் தடித்த படலமாக நின்று உலோகங்களைப் பிரித்து வைப்பதில்லை. பரப்பில் ஒட்டிக்கொண்ட சில மூலக்கூறு அடுக்குகளே உராய்வைக் குறைக்கின்றன. அதனால் அள்ளி வைத்துப் பயனில்லை. பல்குச்சி நுனியில் எடுத்த அளவு போதும். தொடுமுனைகள் பக்கம் அது போகவே கூடாது.

ஸ்பிரிங்கைத் தொடலாமா?

சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, நேராகப் பொருத்திய பிறகும் சுவிட்ச் கனமாக இருந்தால், மிச்சமிருப்பது வடிவமைப்பாளர் வைத்த விசை. புதிய சுவிட்ச் என்றால் கொஞ்சம் பொறுங்கள். பள்ளத்தின் விளிம்பில் வெட்டுப் பிசிறுகள் இருக்கும். சில நூறு முறை ஓட்டினால் அவை தேய்ந்து வழவழப்பாகும்.

அதன் பிறகும் தளர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், திறந்த சட்டம் கொண்ட லிவர் சுவிட்சில் அதற்கு இடம் உண்டு. பள்ளத்தை அழுத்தும் ஸ்பிரிங் தொடுமுனைகளோடு சம்பந்தப்படாதது. அதைத் தளர்த்தினால் ஒலி கெடாது. ஆனால் ஸ்பிரிங்கின் கணக்கு நுட்பமானது. நீட்சிக்கு ஏற்ப விசை கூடும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி, மீள் எல்லைக்குள் மட்டுமே பொருந்தும். அந்த எல்லையைத் தாண்டி இழுத்தால் ஸ்பிரிங் நீண்டபடியே நின்றுவிடும். இழுவை குறையும், திரும்ப வராது. எனவே மிகக் கொஞ்சமாக இழுத்து, பொருத்திப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி இழுக்க வேண்டும். மாற்று ஸ்பிரிங் போடுவதானால், சுருளின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதை நினைவில் வையுங்கள். கம்பி பத்தில் ஒரு பங்கு மெலிந்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் விரலுக்குப் பெரிதாகத் தெரியும்.

ஸ்பிரிங்கைத் தொடாமலே விரலின் சுமையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. நெம்புகோலின் விதிப்படி, அச்சிலிருந்து விரல் தள்ளும் இடம் 20 மில்லிமீட்டரிலிருந்து 22 ஆனால், தேவையான விசை ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும். சற்று உயரமான குமிழ் போட்டாலே இது கிடைத்துவிடும்.

டாகிள் சுவிட்சில் இலைகளை வளைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விரலுக்குக் கிடைக்கும் சுகம் அத்தனையும் தொடுமுனையின் அழுத்தத்திலிருந்து பிடுங்கியதாக இருக்கும். ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் டாம் மொரெல்லோ, ஒரு பிக்கப்பின் ஒலியளவைச் சுழியத்தில் வைத்துவிட்டு, டாகிளை வேகமாக முன்னும் பின்னும் தட்டி, ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி வாசிப்பார். சுவிட்சே அவர் கையில் தாள வாத்தியமாகிவிடும். அப்படி வாசிக்க விரும்புபவருக்கு இலகுவான சுவிட்ச் வேண்டும்தான். ஆனால் ஒவ்வொரு தட்டிலும் ஒலி திருத்தமாக அறுபட்டு, திருத்தமாகத் திரும்ப வர, உறுதியான தொடுமுனையும் வேண்டும். இலைகளைச் சுத்தம் செய்தும் அந்த இலகு கிடைக்காவிட்டால், சோல்டரிங் இரும்பை எடுத்துத் தரமான புதிய சுவிட்சை மாற்றுவதே நேர்மையான வழி. மூடிய பெட்டி வடிவச் சுவிட்சுகளுக்கும் இதுவே பொருந்தும். அவை பிரித்துப் பழுது பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கிட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் சுவிட்சின் விலை மிகச் சிறியது.

வேலை முடிந்ததும் கிட்டாரை ஆம்ப்பில் சேர்த்து, ஒரு தந்தியை மீட்டி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே எல்லா நிலைகளுக்கும் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் லிவர் தெளிவாக விழ வேண்டும், ஒரே விரலால் கிளம்ப வேண்டும், மாறும்போது கரகரப்பு இருக்கக்கூடாது. லிவர் இலகுவாகி, கரகரப்பு மட்டும் புதிதாக வந்திருந்தால் குறைத்தது தவறான விசை. தொடுமுனைகளை மறுபடி பாருங்கள். அழுத்தம் போயிருந்தால் சுவிட்சை மாற்றிவிடுங்கள். மூன்றும் சரியாக இருந்தால், எடுக்க வேண்டிய உராய்வை எடுத்து, இருக்க வேண்டிய அழுத்தத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டீர்கள்.